துணைக்கு ஆள் இருந்தால் போகலாம்

பத்தாம் வகுப்பு முடிவு வந்த அன்று எங்கள் வீட்டில் யாரும் எத்தனை மார்க் என்று கேட்கவில்லை. பாஸ் என்றதும் அம்மா, "சரி, இனி என்ன செய்யப் போற?" என்றாள். பதிலையும் அவளே சொன்னாள். டைப்ரைட்டிங் போகலாம், தையல் படிக்கலாம், இல்லையென்றால் ப்ளஸ் ஒன் சேரலாம். எண்பதுகளின் நடுவில், ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருப் பெண்களுக்கு இந்த மூன்றுதான். மூன்றையும் வீட்டிலிருந்து நடந்தே போய்ப் படித்துவிடலாம். அதுதான் அவற்றின் பெரிய தகுதி.

நான் டிராஃப்ட்ஸ்மேன் படிக்கப் போகிறேன் என்றேன்.

"அது என்ன எழவு?" என்றாள் அம்மா.

வீட்டுக்குப் பிளான் வரைகிற படிப்பு. ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம். எங்களுக்கு எதிரே ஒரு மாடிவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் தினமும் காலையில் ஒரு நீலத் தாளைச் செங்கல் அடுக்கின் மேல் விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துப் பார்ப்பார். ஒருநாள் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் நான் போய் எட்டிப் பார்த்தேன். இன்னும் எழும்பாத மாடி, இன்னும் வைக்காத சன்னல், எல்லாம் அதில் இருந்தது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்து எங்கள் வீட்டையே அளந்து வரைந்தேன். மாட்டுத் தொழுவத்தைவிடச் சமையலறை சின்னது என்று அம்மாவிடம் காட்டினேன். அவள் தாளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். "இதச் சொல்லத்தான் ஒன்னையப் படிக்க வச்சமா? எனக்குத் தெரியாதா அது எம்புட்டுன்னு?"

அப்பாவுக்குத் தேரடிப் பக்கம் இரும்புக் கடை. ஆணி, கீல், தாழ்ப்பாள் வியாபாரம். வீடு கட்டுகிறவர்களோடுதான் நாள் முழுக்கப் பேச்சு. அதனால் அவருக்கு நான் சொன்னது புரிந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் நான் சண்டை போட்டு முடித்திருப்பேன். "ராசபாளையத்துக்குத் தெனம் பஸ்ஸுல ஒத்தையில போக முடியாது தாயி. துணைக்கு ஒரு பொம்பளப் பிள்ள இருந்தா போ" என்றார்.

அங்கே எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். பெண்பிள்ளை கோயிலுக்கோ கடைக்கோ எங்கே போனாலும் கூட ஒருத்தி வேண்டும். அந்தக் கூட வருகிறவளை அவள் வீட்டில் யார் துணையோடு அனுப்புகிறார்கள் என்று யாரும் யோசிப்பதில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரு இடத்தில் கால் தரிக்கவில்லை. அக்னி நட்சத்திர வெயிலில் தெருத் தெருவாக அலைந்தேன். கூடப் படித்தவள் ஒவ்வொருத்தி வீட்டுக்கும் போய், பிளான் வரைவது எவ்வளவு பெரிய படிப்பு, எவ்வளவு சம்பளம் என்றெல்லாம் அளந்துவிட்டேன். ஒருத்திக்குப் படம் வரைய வராது. இன்னொருத்திக்கு பஸ் ஏறினால் வாந்தி வரும். ஒருத்தி, "எங்க அத்தான் வேண்டாம்னு சொல்லுதாக" என்றாள். அவளுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அவள் கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

கடைசியில் கம்பவுண்டர் மகள் ஒருத்திதான் மிஞ்சினாள். அவள் அப்பா ஒரு டாக்டரிடம் மருந்து கலந்து கொடுக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போகிறவர்கள். அவள் வகுப்பில் எனக்குப் பின் பெஞ்சில் மூன்று வருஷம் இருந்தாள். மூன்று வருஷத்தில் மொத்தமாகப் பேசியதைச் சேர்த்தால் நான் ஒரு பீரியடில் பேசுவது வராது. நான் கேட்டதும், "படிக்கேன்" என்றாள். அவ்வளவுதான். நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன், நிஜமாகவா என்று.

ஆள் கிடைத்துவிட்டது என்று துள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். அவர் யோசித்துவிட்டு, "மொதல்ல அந்தப் பிள்ள சேரட்டும். பொறவு நீ சேரு" என்றார். அவள் வீட்டிலும் அதே பேச்சு. "கடைக்காரர் மக சேந்துட்டான்னா ஒன்னையும் சேத்துவிடுதேன்" என்றாராம் கம்பவுண்டர். யார் முதலில் பணம் கட்டுவது? தன் மகளைச் சேர்த்த பிறகு மற்றவர் பின்வாங்கிவிட்டால் பணமும் போச்சு, பிள்ளையும் ஒத்தையில் நிற்கும் என்று இரண்டு பேருக்கும் பயம். நேரில் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் தீர்ந்தது. அதையும் செய்ய மாட்டார்கள். அதெப்படி வலியப் போய், உங்கள் மகளை என் மகளுக்குத் துணைக்கு அனுப்புங்கள் என்று கேட்பது? கௌரவம் என்னாவது?

நான் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது. ராத்திரி படுத்தால் சேர்க்கை முடிந்துவிட்டதாகக் கனவு வரும். அம்மா ஒரு பக்கம் டைப்ரைட்டிங் மாஸ்டரிடம் சொல்லி வைத்துவிட்டாள். இவளை எங்கேயாவது உட்கார வைத்தால் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு.

சேர்க்கைக்குக் கடைசி நாளுக்கு முந்தின நாள் நான் ஒரு வேலை செய்தேன். கம்பவுண்டர் மகளைத் தண்ணீர் பைப்படியில் பிடித்து, "நீ சேந்தாச்சுன்னு எங்கப்பாட்ட நான் சொல்லிருதேன். நான் சேந்தாச்சுன்னு ஒங்கப்பாட்ட நீ சொல்லிரு" என்றேன். அவள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "பொய்யில்லா?" என்றாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் சேந்துட்டா எப்படிட்டி பொய்யாவும்?"

அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். சரி என்று தலையாட்டினாள்.

பொய் நன்றாகவே வேலை செய்தது. மறுநாள் காலையில் அப்பா கடையைப் பையனிடம் விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என்னை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றினார். நான் சன்னலோரம் உட்கார்ந்து, இனி இந்த ஜென்மத்தில் டைப்ரைட்டிங் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் கம்பவுண்டரும் மகளும் ஏறினார்கள். இருந்த ஒரு நாளில், ஓடுகிற அத்தனை பஸ்களில், அதே பஸ்.

பஸ்ஸில் மில்லுக்கு ஷிப்ட் போகிற கூட்டம். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு அப்பாக்களும் ஒரே கம்பியைப் பிடித்து நின்றார்கள்.

"என்ன அண்ணாச்சி, பிள்ளைக்குப் பணம் கட்டிட்டியளாமே" என்றார் கம்பவுண்டர்.

"நானா? நீங்க கட்டியாச்சுன்னுல்லா எம் மக சொன்னா?"

இரண்டு பேரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்தவள் குனியவில்லை, நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சிரித்துவிட்டார். அவர் சிரித்தால் வீட்டில் பிறகு பூசை இருக்கிறது என்று அர்த்தம். ஆனால், "டிக்கெட்டு எடுத்தாச்சு. போயித்தான் பாப்பமே அண்ணாச்சி" என்றார். கம்பவுண்டரும், "கர்த்தர் சித்தம்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஐ.டி.ஐ. ஆபீசில் நீண்ட வரிசை. எங்கள் முறை வந்தபோது மேஜைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டிராஃப்ட்ஸ்மேன்ல ஒரு சீட்டுதான் இருக்கு. வெல்டர் வேணும்னா தாரேன்" என்றார்.

இரண்டு அப்பாக்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள் பாருங்கள்.

"நீங்க சேருங்க அண்ணாச்சி" என்றார் கம்பவுண்டர்.

"அதெப்படி? நீங்கதான் மொதல்ல நிக்கிய. ஒங்க பிள்ள சேரட்டும்."

"இல்ல இல்ல, எம் பிள்ளைக்கு அவசரமில்ல. ஒங்க பிள்ளைதான் ஆசைப்படுதா."

பந்தியில் இலைக்கு உபசாரம் பண்ணுகிற மாதிரி இரண்டு பேரும் என் தலையெழுத்தை வைத்துக்கொண்டு மரியாதை பண்ணிக்கொண்டிருந்தார்கள். உள்ளுக்குள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்புதான்: ஒரு சீட்டு என்றால் துணை இல்லை, துணை இல்லையென்றால் படிப்பு இல்லை, மெல்லக் கழன்றுகொள்ளலாம். எங்களுக்குப் பின்னால் ஒருவர் தன் மகனிடம் தெலுங்கில் ஏதோ சொல்லி அவனை முன்னால் தள்ளினார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, சரின்னு சொல்லுங்க" என்றேன். அவர் கையைத் தட்டிவிட்டார்.

அப்போது கம்பவுண்டர் மகள் தன் அப்பாவின் அக்குளில் இருந்த மஞ்சள் பையை உருவினாள். சர்ட்டிபிகேட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். "என் பேர எழுதுங்க சார்" என்றாள்.

அவர் எழுதினார். வரிசையில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் மகள் சேர மாட்டாள் என்று சொல்லக் கம்பவுண்டருக்கு வாய் வரவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் அந்த நோட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதில் துளி இரக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது நான் அவள் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டில் அம்மா கேட்டுவிட்டு, "காத்திருந்தவன் பொண்டாட்டிய நேத்து வந்தவன் கூட்டிட்டுப் போன கதையால்ல இருக்கு" என்றாள். ஊமை ஊரைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அலைந்தது நான். செருப்பு அறுந்தது எனக்கு. அந்தப் படிப்பின் பேரையே அவள் என் வாயில்தான் கேட்டாள். இரண்டு நாள் நான் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் டைப்ரைட்டிங் வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள்.

அந்த ஒரு வருஷம் நான் அடித்த அடியில் மிஷின் உடையாமல் இருந்தது அதிசயம். "சாவிய அடிக்கணும்மா, கொல்லக் கூடாது" என்பார் மாஸ்டர். வகுப்பு மாடியில். கீழே பஸ் நிறுத்தம். தினமும் காலையில், பிளானுக்குக் கோடு போடுகிற டி வடிவ மரச்சட்டமான டி-ஸ்கொயரைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் தனியாக வந்து நிற்பாள். தெருப் பையன்கள், "ஏலே, சிலுவையத் தூக்கிட்டுப் போவுதுலே" என்று கத்துவார்கள். அவள் திரும்ப மாட்டாள். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அந்தப் பையன்களைப் போய் நாலு சாத்தலாம் என்றும் தோன்றும், அந்த டி-ஸ்கொயரைப் பிடுங்கி முறிக்கலாம் என்றும் தோன்றும். எதிரே வந்தால் இருவரும் பேசிக்கொள்வதில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போவாள்.

பார்த்துக்கொண்டிருந்தது நான் மட்டுமில்லை. அப்பாவின் கடையிலிருந்தும் அந்த நிறுத்தம் தெரியும். அடுத்த வைகாசியில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "கம்பவுண்டர் பிள்ள ஒரு வருசமா ஒத்தையிலதான் போயிட்டு வருது, பாவம்" என்றார். "நீ போனா அதுக்கும் ஒரு துணையாச்சு" என்றார். அம்மா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். படிக்க அனுப்புகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. துணைக்கு அனுப்புகிறேன் என்று சொன்னார். எப்படியோ சொல்லட்டும், எனக்கென்ன? அந்த வாரமே போய் வரிசையில் முதல் ஆளாக நின்று சேர்ந்தேன்.

முதல் நாள் பஸ்ஸில் அவள் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. அப்பா நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மடவார்விளாகம் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏட்டி, அன்னைக்கு ஏன் அப்படிச் செஞ்ச? என் சீட்டு அது" என்றேன்.

"ஒங்கப்பா ஒன்னைய அடுத்த வருசம் விடுவாகன்னு தெரியும்" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நான் தெனம் ஒத்தையில போறத அவிய பாத்துட்டே இருந்தா விட்டுருவாக. எங்கப்பா அப்படியில்ல." கையிலிருந்த டி-ஸ்கொயரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "தூத்துக்குடி அத்தை மகனுக்குப் பேசி முடிச்சிருந்தாக. எங்கயும் சேரலன்னா அந்தக் கிறிஸ்மஸ் முடிஞ்சதும் சர்ச்சுல எல்லாருக்கும் தெரியக் கல்யாண ஓலை வாசிச்சு, தாலி. பணம் கட்டுனதுனாலதான் ரெண்டு வருசம் தள்ளிப் போட்டாக."

நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு வருஷம்தான் போயிருந்தது. அவளுக்கு அன்றைக்கு விட்டால் எல்லாமே போயிருக்கும். வருஷம் முழுக்க நான் அவளைத் திட்டாத வார்த்தை இல்லை. அப்போதும் கோபம்தான் வந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்க வேண்டியதுதான? பைப்படியில வச்சே சொல்லிருக்கலாம்ல?"

"சொல்லிருந்தா சீட்ட விட்டுக் குடுத்திருப்பியா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த நீலத் தாளை நினைத்தேன், அந்த வெயிலில் அலைந்த அலைச்சலை நினைத்தேன்.

"மாட்டேன்" என்றேன்.

"அதான் சொல்லல" என்றாள்.