லூஷியஸ் தலைவாரக் கற்றுக்கொண்டது

மெம்பிஸில் எங்கள் தெரு ஆண்கள் எல்லாரும் லூஷியஸ் டார்ப்ளியிடம்தான் முடி வெட்டிக்கொள்வார்கள். கல்யாணமோ, கோர்ட்டு கேஸோ, வேலைக்கு நேர்காணலோ, எதுவானாலும் முதலில் அவன் சலூன் நாற்காலியில் போய் உட்கார வேண்டும். காதோரத்தில் முடி எங்கே முடிகிறது, தோல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாடி போட்டுத் தேடினாலும் தெரியாது. அப்படி ஒரு கை. இதை எனக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரன்தானே, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவனே சொல்வான்.

அவன் மனைவி ரெனீட்டாவுக்கு விமான நிலையத்தில் பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. ஒரே மகள் நோவெல்லா, அப்போது மூன்று வயதுகூட ஆகவில்லை. பிள்ளையின் எடையில் பாதி முடிதான் என்று நாங்கள் சொல்வோம். அவ்வளவு அடர்த்தி, அவ்வளவு சுருள். சனிக்கிழமை காலையில் ரெனீட்டா சோபாவில் உட்கார்ந்து, பிள்ளையை முழங்கால்களுக்கு நடுவே இருத்தி, டிவியில் பொம்மைப் படத்தைப் போட்டுவிட்டு வேலையை ஆரம்பிப்பாள். லூஷியஸ் அந்த நேரம் சலூனில் இருப்பான். சாயங்காலம் வீடு திரும்பும்போது மகள் தலையில் பின்னல்கள் வரிசையாக இருக்கும், நுனியில் பாசிமணி குலுங்கும். அதெல்லாம் தானாக முளைத்து வருகிறது என்று நினைத்திருந்தான் போல.

ரெனீட்டா தன் பிறந்தநாளன்று ஸ்கேட்டிங் போனாள். சக்கரக் காலணியில் பின்பக்கமாகவே போவதில் அவளை மிஞ்ச எங்கள் ஊரில் ஆள் கிடையாது. அன்றைக்கும் அப்படித்தான் போயிருக்கிறாள். போனைப் பார்த்தபடி ஒரு பயல் நடுவில் வந்து நிற்க, இவள் விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஈஸ்டர் முடியும் வரை மாவுக்கட்டு என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தி கேட்டதும் நான் போனேன். எனக்குப் பிறந்தது மூன்றும் பையன்கள். என் தலையையே ஒட்ட வெட்டி வைத்திருக்கிறேன், பள்ளி பஸ் ஓட்டுகிறவளுக்கு அதுதான் வசதி. பின்னல் விஷயத்தில் நான் உதவ முடியாது. ஆகவே, "பின்னிவிடுற பொண்ணு ஒருத்தியை எனக்குத் தெரியும், பிள்ளையை அவகிட்ட கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டேன்.

லூஷியஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது; கோபத்திலும் எங்கள் ஊர் மரியாதைப்படி மூத்தவளான என்னை 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிட்டான். "மிஸ் வெர்னெல், நான் யாரு? என் தொழில் என்ன? என் மக தலையை வாரிவிட வெளியாள் கேட்குதா?"

ரெனீட்டா கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்தபடி சிரித்தாள். "வெட்டுறது வேற, வளர்க்கிறது வேறப்பா. உன் நாற்காலியில உட்கார்றவனுக்கு அழுறதுக்கு வெட்கமா இருக்கும். இவளுக்கு அப்படி ஒண்ணும் கிடையாது."

"பார்க்கத்தானே போற," என்றான்.

திங்கட்கிழமை சலூனுக்கு விடுமுறை. அன்று காலை நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அலறல். கேத்தலை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். லூஷியஸ் கூடத்தின் நடுவில் மண்டியிட்டு நின்றான். ரெனீட்டா சோபாவில் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் காணோம்.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மிஸ் வெர்னெல். மேசைக்கு அடியில இருக்கா."

"சீப்பு எங்க?"

"சீப்பும் அவளோடதான் இருக்கு."

குனிந்து பார்த்தேன். நோவெல்லா மேசைக்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீப்பு உச்சந்தலையில் கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

"காஞ்ச முடியில சீப்பைப் போட்டாரு," என்றாள் ரெனீட்டா. "அதுவும் வேர்லேர்ந்து. நுனியிலேர்ந்து சிக்கெடுன்னா, 'முடி வேர்லேர்ந்துதானே வருது'ன்னு என்னையே கேட்கிறாரு."

அன்றைக்குத்தான் அவன் படித்துக்கொண்டான்: முதலில் தண்ணீர் தெளிக்க வேண்டும், பிறகு கண்டிஷனர். கொத்துக் கொத்தாகப் பிரித்து, வேரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து விரலாலேயே சிக்கெடுத்துவிட்டுத்தான் சீப்பைத் தொட வேண்டும். காய்ந்தால்தான் வம்பு என்று புரிந்ததும் ஆள் எதிர்ப்பக்கம் சாய்ந்தான். அடுத்த திங்கள் அரை புட்டித் தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்துவிட்டான். பிள்ளை வறுத்தெடுத்த கெளுத்தி மீன் மாதிரி மினுமினுத்தாள். பிடிக்கப் பிடிக்க வழுக்கிக்கொண்டு ஓடினாள். அவள் சாய்ந்த இடமெல்லாம் சோபாவில் வட்டம் வட்டமாகக் கறை. ரெனீட்டாவின் சிரிப்பு அன்று கொஞ்சம் குறைந்துபோனது.

அதற்கடுத்த ஞாயிறு அவன் மகளைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்த நடையைப் பார்க்க வேண்டும். தானே பின்னியது. மொத்தம் நாலு பின்னல், நாலும் நாலு திசையைக் காட்டின. வகிடு மிஸிசிப்பி ஆறு மாதிரி வளைந்து வளைந்து போனது. ஆனாலும் அவன் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

இரண்டாவது வரிசையில் சிஸ்டர் எர்லீன் உட்கார்ந்திருந்தார். எங்கள் சபையில் போதகர் பேசினால் பாதிப் பேர் கேட்பார்கள், சிஸ்டர் எர்லீன் இருமினால் எல்லாரும் கேட்பார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். தொப்பியைச் சரிசெய்தார். மறுபடி பார்த்தார். பிறகு எழுந்து வந்து, "பிள்ளைக்குத் தண்ணி குடுத்துட்டு வர்றேன்," என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாடகர் குழு ஒரு பாட்டு பாடி முடித்தது, இன்னொன்று பாடியது. பிரசங்கம் பாதி ஆனது. தண்ணீர் குடிக்கப் போன பிள்ளை திரும்பி வந்தபோது தலையில் நேர் வகிடு, கச்சிதமான ஆறு பின்னல், வெள்ளை ரிப்பன். சிஸ்டர் எர்லீன் ஒன்றுமே நடக்காதது போல வேதப்புத்தகத்தைத் திறந்தார். வாசலில் ஆட்களை வரவேற்று உட்கார வைக்கும் ஊழியத்தில் நின்ற என் கணவர் ஓசியா, சுவர்ப்பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரித்தார்.

ஆராதனை முடிந்ததும் லூஷியஸ் நேரே போய் நின்றான். "சிஸ்டர், உங்களை யாரு கேட்டா?"

"யாரும் கேட்கல தம்பி. ஆனா கர்த்தர் பார்த்துக்கிட்டிருக்காரு. பின்பெஞ்சுக்காரங்களும் பார்த்துக்கிட்டிருந்தாங்க." அவர் பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். "ஈஸ்டருக்கு இவ மேடையேறி வசனம் சொல்லணும். ரெனீட்டா கை சரியாகலைன்னா முந்தின நாள் எங்கிட்ட கொண்டாந்து விட்டுடு."

அது அவனுக்குச் சரியாகத் தைத்துவிட்டது.

அந்த வாரம் நடுவில் ஒருநாள் என் கணவர் சலூனுக்குப் போய்விட்டு, முகத்தைச் சுற்றி மப்ளரைக் கட்டிக்கொண்டு வந்தார். வெளியே நல்ல வெயில். "பல்வலியா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஓசியாவுக்கு நெஞ்சுவரை தாடி. அதைத்தான் மறைத்திருக்கிறார் என்று சாப்பாட்டு வேளையில்தான் தெரிந்தது. மப்ளரை அவிழ்க்காமல் மீன் சாப்பிட முடியாதே. அவிழ்த்தார். தாடி முழுவதும் வரிசை வரிசையாகப் பின்னல், ஒவ்வொன்றின் நுனியிலும் ரோஸ் நிற ரப்பர் வளையம். தாடைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி கிளிப் ஒன்று மறந்துபோய்த் தொங்கியது.

"யாரு பண்ணின வேலை இது?"

"லூஷியஸ். வகிடு பழகணுமாம். பொம்மைத் தலையில பழகினா வலிக்குதா இல்லையான்னு அது சொல்லாதாம். நான் சொல்லுவேனாம்."

"வலிச்சுதா?"

"முதல் ரெண்டுக்கு உயிர் போச்சு. அப்புறம்..." கொஞ்சம் வெட்கப்பட்டார். "நல்லாத்தான் இருந்துச்சு வெர்னெல். தூங்கிட்டேன்."

சலூனில் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா? "ஓசியா அண்ணே, கல்யாணம் எப்போ? மாப்பிள்ளை யாரு?" என்று ஒருவன். "அண்ணே, அடுத்த தடவை பூ வெச்சுக்குங்க," என்று இன்னொருவன். என் கணவர் அசையவில்லை. மறுவாரமும் போனார். அதற்கடுத்த வாரம், போகவேண்டியதில்லை என்று லூஷியஸே சொன்ன பிறகும் போனார்.

தாடியில் கை தேறிவிட்டது. மகள் தலையில் மட்டும் வகிடு இன்னும் வளைந்துதான் போனது. ஒருநாள் வேலியோரம் நின்று லூஷியஸ் சொன்னான்: "பெரிய ஆளுங்க கண்ணாடியில தங்களைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க மிஸ் வெர்னெல். இவ திரும்பித் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறா. அடுத்து வலிக்கப்போகுதான்னு என் முகத்துல தேடுறா. அதுதான் எனக்குத் தாங்கல." அன்று அவன் பெருமை எதுவும் பேசவில்லை.

அதன்பின் அவன் அவசரப்படுவதை விட்டான். கிளிப்புகளை அவள் மடியில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் உத்தியோகத்தை அவளுக்கே கொடுத்தான். அவள் "வலிக்கு" என்றால் கையை எடுத்தான். நடுவில் திராட்சை ஊட்டினான். அவளை உட்கார வைக்க ஒரு பொய்யும் கண்டுபிடித்தான்: "ஆடாதம்மா, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்." அந்த ஒண்ணே ஒண்ணு காலை முழுக்க ஓடும்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, வருஷத்திலேயே கூட்டம் அதிகமான நாள், லூஷியஸ் மத்தியானத்தோடு சலூனைச் சாத்தினான். வாசலில் நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள். "எம் மகளுக்கு நேரம் குடுத்திருக்கேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டில் ரெனீட்டாவுக்குக் கட்டளை: பார்க்கலாம், பேசக்கூடாது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அலசி, சிக்கெடுத்து, வகிடெடுத்து, நெற்றியோரத்தை இழுக்காமல் தளர்வாகப் பின்னி, வெள்ளையும் ஊதாவுமாகப் பாசிமணி கோத்தான். கடைசியில் தலையணையில் உரசிக் கலையாமலிருக்க சாட்டின் தொப்பியை மாட்டினான். பிள்ளை கழற்றி எறிந்தாள். மாட்டினான். எறிந்தாள். கடைசியில் அவனும் ஒரு சாட்டின் தொப்பியை மாட்டிக்கொண்ட பிறகுதான் சமாதானம் ஆனாள்.

மறுநாள் நோவெல்லா மஞ்சள் கவுனில் சபைக்குள் நடந்து வந்தாள். ஒவ்வொரு அடிக்கும் மணிகள் கலகலத்தன. சிஸ்டர் எர்லீன் திரும்பினார். கைப்பையைத் திறந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

அவள் முறை வந்தது. சொல்ல வேண்டியது ஒரே வரி: "இயேசு உயிர்த்தார், எல்லாரும் மகிழுங்க." மேடையேறி நின்றாள். கூட்டத்தைப் பார்த்தாள். வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டினாள், மணிச்சத்தம் கேட்டது. அது பிடித்துப்போய் மறுபடி ஆட்டினாள். போதகர் மைக்கோடு குனிந்து, "சொல்லு கண்ணு," என்று தலையை அவள் பக்கம் சாய்த்தார். தன் முன்னால் ஒரு தலை வந்ததும் அவளுக்கு என்ன தோன்றியதோ, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு மைக்கில் கணீரென்று சொன்னாள்:

"ஆடாதீங்க! இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்!"

சபையே அதிர்ந்தது. ரெனீட்டா மாவுக்கட்டால் பெஞ்சை அடித்து அடித்துச் சிரித்தாள். லூஷியஸ் முகத்தைப் பொத்திக்கொண்டான். போதகர் நிமிர முடியாமல் அப்படியே நின்றார், பிள்ளை தலையை விட்டால்தானே!

வெளியே வந்ததும் சிஸ்டர் எர்லீன் எங்களை வழிமறித்தார். பிள்ளையின் வகிட்டில் கட்டைவிரலை வைத்து, நெற்றியிலிருந்து பிடரிவரை ஓட்டினார். "நெத்தியோரம் இறுக்கமா இருக்கா?"

"தொட்டுப் பாருங்க சிஸ்டர்."

தொட்டார். "ம்." இன்னும் தேடினார். "உச்சியில கொஞ்சம் வறண்டிருக்கு," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கிப் போய்விட்டார்.

லூஷியஸ் என் தோளைப் பிடித்து உலுக்கினான். "கேட்டீங்களா மிஸ் வெர்னெல்? 'கொஞ்சம்'னாங்க! கொஞ்சம்தானாம்!"

கட்டு அவிழ்த்த பிறகு ரெனீட்டா மறுபடி சீப்பை எடுத்தாள். பிள்ளை சமர்த்தாக வந்து உட்கார்ந்து, "கிளிப்பைக் குடு, நான்தான் எடுத்துத் தருவேன்," என்று அம்மாவுக்கு முறையைச் சொல்லிக்கொடுத்ததாம். "எனக்குக் கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு," என்று என்னிடம் ஒத்துக்கொண்டாள். ஆனால் சனிக்கிழமை காலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம் என்பது உறைத்ததும் அந்த எரிச்சல் அடங்கிவிட்டது. தலைவாரும் நாள் திங்கள், வாருகிறவர் அப்பா என்று ஆகிப்போனது.

இப்போது நோவெல்லாவுக்கு ஆறு வயது. இந்தக் கோடை விடுமுறையில் ஒரு திங்கட்கிழமை லூஷியஸ் தண்ணீர்ப் புட்டி, சீப்பு, கிளிப்பு எல்லாம் பரப்பிவைத்துக் கூப்பிட்டிருக்கிறான். அவள் வந்து நின்று, "இன்னைக்குப் பின்ன வேணாம்ப்பா. பெருசா விடுங்க," என்றாள். அவிழ்த்து, ஈரம் தெளித்து, கோதித் தூக்கிவிட்டான். பெரிய கரிய மேகம் மாதிரி நின்றது. அவள் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறிப் போய்விட்டாள்.

நான் எட்டிப் பார்த்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான், வாயில் இன்னும் ஒரு கிளிப்பு.

"என்னப்பா, அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"அழகாத்தானே இருக்கா?"

"ராணி மாதிரி இருக்கா." கிளிப்பை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். "ஆனா மத்தியானம் வரைக்கும் நான் என்ன பண்றதுன்னு தெரியல மிஸ் வெர்னெல்."

எங்கள் வீட்டுப் பின்பக்கம் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கிறது என்றேன். உடனே வந்தான். முழுவதையும் வெட்டித் தந்தான். ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.