அத்தான் காட்டிய பம்பாய்

என் அத்தான் செல்லப்பாண்டி பம்பாய்க்கு வந்து முப்பது வருஷம் இருக்கும். தாதரில் ரயிலை விட்டு இறங்கியவர் நேரே தாராவிக்கு வந்து, பை தைக்கும் கார்கானா ஒன்றில் மெஷின் முன்னால் உட்கார்ந்தார். அப்புறம் அதே சந்தில் சொந்தமாக மெஷின் போட்டார், எங்கள் அக்காவைக் கட்டினார், ஷாலினியைப் பெற்றார். எல்லாம் அந்தச் சந்துக்குள்ளேயேதான். ஞாயிற்றுக்கிழமையும் மெஷின் ஓடும். வருஷத்துக்கு ஒரு தரம் செம்பூர் முருகன் கோயிலுக்குப் போவார். அவருடைய பம்பாய் அவ்வளவுதான்.

ஆனால் ஊரில் கோயில் கொடைக்குப் போனால் ஆளே வேறு. கேட்வே ஆஃப் இந்தியாவில் கடலைப் பார்த்து உட்கார்ந்துதான் தினமும் டீ குடிப்பதாக அளப்பார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபோர்ட் பக்கம் கூரியர் கொடுத்துத் தெருத்தெருவாகத் தேய்கிறவன் நான். என்னிடம் பம்பாயைப் பற்றி ஒரு ஜீவன் கேட்டது கிடையாது.

போன தை மாதம் ஷாலினிக்கு ஒரு வரன் வந்தது. பையன் மாரீஸ்வரனுக்கு டிராம்பேயில் வேலை. பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்துவிட்டது. பையனின் அப்பா சுடலைக்கண்ணனும் அம்மா சண்முகவடிவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இறங்கினார்கள். எல்லாம் பேசி முடிந்த பிறகு, சண்முகவடிவு ஒரு கொக்கி போட்டார்.

"அண்ணாச்சி கேட்வேல டீ குடிக்கிற கத எங்க ஊரு வரைக்கும் வந்திருக்கு. மொதல்ல ஊரச் சுத்திக் காட்டட்டும். பொறவு பதில் சொல்லுதேன்."

நிச்சயம் ஆகாமல் பெண்ணும் பையனும் கூட வரக் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். துணைக்கு நான் கிளம்பினேன். வாசலிலேயே அத்தான் என் கையைக் கிள்ளினார்.

"மாப்ள, நீ வாயத் தொறக்கப்புடாது. நாந்தான் காட்டுவேன்."

"நீங்க அதையெல்லாம் எப்பத்தான் பாத்தீய?"

"டிவில பாத்திருக்கம்லா!"

வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏறினோம். அத்தான் திரும்பிப் பார்த்தார். எதிரே குமிழ்க் கோபுரத்தோடு பிரம்மாண்டமாக ஒரு கட்டடம். டிவியில் அவர் பார்த்த தாஜ் ஹோட்டலிலும் ஒரு குமிழ் இருந்திருக்கிறது. போதாதா?

"இந்தா பாருங்க, தாஜ் ஹோட்டலு!"

சுடலைக்கண்ணன் கண்ணைச் சுருக்கினார். "மச்சான், இதுக்குள்ள இருந்துதான நாம இப்ப வெளிய வந்தோம்?"

அத்தான் அசரவே இல்லை.

"கீழ ஸ்டேஷன், மேல ஹோட்டல். பம்பாய்ல எடத்துக்கு எங்க மச்சான் போக?"

"அதுவும் சரிதான்" என்று அந்த மனிதரும் தலையை ஆட்டிவிட்டார். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு டாக்ஸிக்குக் கைகாட்டினேன்.

கேட்வேக்கு எதிரே உண்மையான தாஜ் ஹோட்டல் ஜம்மென்று நின்றது. அதன் பெயரை டாக்ஸிக்காரர் கேட்காமலே சொல்லித் தொலைத்தார். சுடலைக்கண்ணன் அத்தானைத் திரும்பிப் பார்த்தார்.

"இது பிராஞ்சு மச்சான்" என்றார் அத்தான்.

சண்முகவடிவு மட்டும் எதையும் ரசித்ததாகத் தெரியவில்லை. "இங்கெல்லாம் அடிக்கடி வருவீயளோ அண்ணாச்சி?"

"நூறு தடவ வந்திருப்பேன் தங்கச்சி. காலைல வந்தம்னா இருட்டுனப் பொறவுதான் வீடு."

அந்த அம்மாளின் முகம் சுண்டிப்போனது. மெதுவாக என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"தம்பி, மறைக்காமச் சொல்லுங்க. உங்க அத்தான் வேலவெட்டிக்குப் போறதுண்டா? எங்க அய்யாவும் இப்படித்தான் ஊரு சுத்துனாரு. எங்கம்மா தீப்பெட்டி ஒட்டித்தான் எங்கள வளத்தா. இப்படிப்பட்ட மனுசன் வீட்டுல சம்பந்தம் வச்சா, எம்மவனையும்லா கூட்டிக்கிட்டுச் சுத்துவாரு? இது சரிப்பட்டு வராது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அத்தானைக் கடலில் தள்ளியிருப்பேன். தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"இப்ப என்ன செய்ய மாப்ள?"

"உள்ளதச் சொல்லுங்க."

"அடுத்த கொடைக்கு ஊருல எப்படி மூஞ்சியக் காட்டுவேன்?"

"இன்னிக்கு வீட்டுல ஷாலினி மூஞ்சிய எப்படிப் பாப்பீய?"

அத்தான் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சண்முகவடிவின் முன்னால் போய் நின்றார்.

"தங்கச்சி, நூறு தடவன்னு சொன்னம்லா. அதுல கொஞ்சம் கொறச்சுக்கிடுங்க."

"எம்புட்டு?"

"நூறையும்."

சண்முகவடிவு விழித்தார். அத்தான் அடக்கமாட்டாமல் கொட்டிவிட்டார்.

"மெஷின விட்டு எந்திரிச்சாத்தான தங்கச்சி ஊரப் பாக்க? ஞாயித்துக்கெழமையும் தையல் உண்டு. இந்தக் கேட்வேயவே இன்னிக்குத்தான் பாக்கேன். பம்பாய்க்குப் போயி ஒரு சந்துக்குள்ளயே கெடக்கேன்னு ஊருல சொல்ல வெக்கமா இருந்துது. அதான் அளந்துட்டேன். எம்மவள மட்டும் வேண்டாம்னு சொல்லிராதீய."

இவ்வளவு வருஷத்தில் அந்த மனிதரைப் பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது அன்றைக்குத்தான்.

"அப்ப அந்த ஸ்டேஷனுக்கு மேல ஹோட்டலு?" என்று சுடலைக்கண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க செத்த சும்மா இருங்க!" என்று சண்முகவடிவு ஓர் அதட்டுப் போட்டார். அத்தானின் விரல்களைப் பார்த்தார். ஊசி ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல்கள். பார்த்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். அந்த முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

"அண்ணாச்சி, ஆற அமர நின்னு நல்லாப் பாத்துக்கிடுங்க. நாளைக்கே நிச்சயத்துக்கு நாள் பாக்கணும். இனிமே உங்களுக்கு எங்க நேரம் இருக்கப்போவுது?"