டாக்டரம்மாவின் மதராஸ் பட்டம்

கண்ணாடிச் சட்டம் போட்ட அந்த மதராஸ் பட்டத்தை டாக்டரம்மா சுவரில் மாட்டியதே இல்லை. பழைய துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்திருந்தார். மதராஸில் மருத்துவம் படித்துத் தேறியவர். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் பெரிய கிராணியை மணந்து கேமரன் மலைக்கு வந்தார். மலாயாவில் அந்தப் படிப்பு செல்லாது என்று வெள்ளைக்கார அரசாங்கம் சொல்லிவிட்டதால், தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு மருத்துவச்சி வேலைதான் கிடைத்தது. நான் அங்கே ஆயா. டாக்டர் துரை நோயாளியைப் பார்க்கும்போது அம்மா சற்றுத் தள்ளி நிற்பார். விரல்கள் மட்டும் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருக்கும்.

ஜப்பான்காரன் வந்தபோது துரை மலையிறங்கிப் போய்விட்டார். இங்கே டாக்டர் யார் என்று ஜப்பானிய அதிகாரி மலாயில் கேட்டான். அம்மா வீட்டுக்குப் போய்ப் பட்டத்தை எடுத்துவந்து மேசைமேல் வைத்தார். வெள்ளைக்காரன் ஒத்துக்கொள்ளாத பட்டம் என்று தெரிந்ததும் அதிகாரி சிரித்தான். அப்படியானால் எங்களுக்குச் சரி என்றான். அன்று முதல் அவர் கையெழுத்து செல்லுபடியானது. அதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சயாமில் ஜப்பான்காரர்கள் போட்ட ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடித்தார்கள். உடம்பில் தெம்புள்ள ஆண்களைப் பிரித்துத் தரும் பொறுப்பு அம்மாவின் தலையில் விழுந்தது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஒட்டிப்போன உடம்புகள். கீழே சமவெளியில் பிடித்த மலேரியா பலரை விட்டபாடில்லை. ஒவ்வொருவர் வயிற்றையும் அழுத்தி, மலேரியாவால் மண்ணீரல் வீங்கியவர்களைத் தகுதியில்லை என்று எழுதினார். என் கணவரும் அவர்களில் ஒருவர். அதிகாரி மேசையைத் தட்டிக் கத்தினான். தான் பொய் எழுதவில்லை, வேண்டுமானால் ராணுவ டாக்டரே வந்து பார்க்கட்டும் என்று அம்மா நிதானமாகச் சொன்னார். அந்த டாக்டரும் வந்தார். சிலரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அம்மா எழுதியது சரிதான் என்று போய்விட்டார். திடமாக இருந்தவர்களை அம்மாவால் காப்பாற்ற முடியவில்லை. அவர்கள் லாரியில் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தார். அன்று அவர் சாப்பிடவில்லை. போனவர்களில் பலர் திரும்பவேயில்லை.

போர் முடிந்து வெள்ளைக்காரர்கள் வந்ததும், தன்னை டாக்டராகப் பதிந்துகொள்ள அம்மா விண்ணப்பித்தார். மதராஸ் பட்டம் செல்லாது, ஜப்பான் காலத்து வேலையும் கணக்கில் வராது என்று பதில் வந்தது. புது டாக்டர் துரை அவரைப் பழைய வேலைக்கே கூப்பிட்டார். அம்மா கணவரோடு ஊருக்குத் திரும்பத் தீர்மானித்தார். தோட்டத்து லய வீடுகளில் குடியிருந்த பெண்கள் நாங்கள் போய்க் கெஞ்சினோம்.

"இங்க இருந்தா நான் மருத்துவச்சிம்மா. கப்பல் ஏறி எறங்குனா டாக்டர். அதுக்குத்தானே படிச்சேன்" என்றார்.

இன்று என் பேத்தி வெளிநாட்டில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே வாங்கும் பட்டம் இங்கே செல்லுமா என்றுதான் என் மகன் முதலில் விசாரித்தான். அம்மாவுக்கு அப்படி விசாரித்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அம்மா ஊருக்குக் கிளம்பிய காலையில், கனமான இரும்புப் பெட்டியை என் கணவர் தோளில் ஏற்றிக்கொண்டார். லாரி நின்ற இடம்வரை மேடு. அம்மா பின்னாலேயே வந்தார்.

"மண்ணீரல் வீங்குனவன் பாரம் தூக்கக்கூடாதுப்பா. கீழ வை."

அம்மாவின் பேச்சை ஒருநாளும் தட்டாத மனிதர், அன்று மட்டும் கேட்கவில்லை.