காப்பி பூத்த வாரமும் அப்பாவின் மருந்தும்

அப்பாவுக்கு மருந்து கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வகுப்பில் வேறு யாருக்கும் அப்படியொரு பதவி கிடையாது. அதை நாலு பேரிடமாவது சொல்லாமல் நான் மதியச் சாப்பாட்டில் கை வைத்ததில்லை.

அப்பா, ஏற்காட்டு மலை உச்சியில் இருக்கும் சேர்வராயன் கோயிலுக்குக் கீழே ஒரு காப்பி எஸ்டேட்டில் மேஸ்திரி. ஒரு நாளைக்கு ஏழெட்டு டம்ளர் வரக்காப்பி குடிப்பார். நெஞ்செரிச்சல் அவருக்கு எத்தனை வருடமாக இருந்தது என்று அம்மாவுக்கே தெரியாது. சேலத்து ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். உணவுக்குழாயின் அடிப்பகுதி மாறியிருக்கிறது, இப்போது புற்றுநோய் இல்லை, கவனிக்காமல் விட்டால் ஆகலாம் என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்து, மறுபடி பார்க்க ஒரு தேதியும் குறித்துக் கொடுத்தார்கள். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவுக்கு நெஞ்சு எரிகிறது, அதை நான் அணைக்கப் போகிறேன் என்பதுதான்.

யாரோ சொல்லி, ஏற்காடு டவுனில் இருந்த ஹோமியோபதி டாக்டரிடம் அப்பா போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் ஒரு சின்னக் குப்பியில் வெள்ளை உருண்டைகள் கொடுத்தார். காப்பி கூடாது, கற்பூர வாசம் ஆகாது, கையால் தொடாமல் மூடியில் கொட்டி வாயில் போட வேண்டும் என்றார். இது துணை மருந்துதான், ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக் கூடாது, குழாய்ப் பரிசோதனைக்கும் கட்டாயம் போக வேண்டும் என்று சொல்லி, எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதினார். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் போனார். நான் கை நீட்டினேன். டாக்டர் சிரித்துக்கொண்டே, பாப்பாவிடமே கொடுங்கள் என்றார். அன்றிலிருந்து சட்டம் என் கையில்.

அப்பா காப்பியை விட்டார். எஸ்டேட்டே மூக்கில் விரலை வைத்தது.

பங்குனியில் ஒரு நல்ல மழை விழுந்தது. அப்படி விழுந்தால் பத்து நாளில் காப்பிச் செடி எல்லாம் ஒரே நேரத்தில் பூத்துவிடும். அந்த வருடமும் மலை வெள்ளையாகப் போர்த்திக்கொண்டது. துணியில் வாசம், சோற்றில் வாசம். நான் சீட்டை எடுத்துப் பார்த்தேன். காப்பி கூடாது என்று சீட்டில் இருக்கிறது. வீடோ காப்பிப் பூவுக்கு நடுவில் இருக்கிறது. ஜன்னலைச் சாத்திச் சந்தெல்லாம் துணி அடைத்தேன். அடைத்தது அம்மாவின் புதுப் பாவாடை என்பதால் முதுகில் இரண்டு விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு வழி தோன்றியது. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி வெறும் புல்வெளி, காப்பிச் செடி ஒன்றுகூடக் கிடையாது. மறுநாள் விடிந்ததும் அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். அவர் ஒரு வார்த்தை மறுக்கவில்லை.

மேலே போனால், கோயில் குகைக்குள் பூசாரி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். சீட்டில் அதுவும் இருந்ததே. அப்பாவைப் புல்வெளியின் மறுகோடிக்கு இழுத்துப் போய், சாமிக்கு முதுகைக் காட்டி நிறுத்தி மருந்து கொடுத்தேன்.

“ஏனுங்க மேஸ்திரி, இத்தன தூரம் வந்துட்டு சாமிகிட்ட கோவமுங்களா?” என்றார் பூசாரி.

“கோவமெல்லாம் இல்லீங்க. பாப்பா உத்தரவு” என்றார் அப்பா.

இப்படி ஐந்து நாள் ஏறினோம். ஆறாம் நாள்தான் பரிசோதனைத் தேதி. அம்மா காலையிலேயே அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து வைத்திருந்தாள். அன்றும் ஏறினோம். உச்சியில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் அப்பா சொன்னார்.

“நெஞ்சு இப்ப எரியறதே இல்ல கண்ணு. இந்த மருந்தே போதும். சேலத்துக்கெல்லாம் வேண்டாம்.”

நான் சீட்டைப் பிரித்துக் கடைசி வரியை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினேன். பிறகு குப்பியை இறுக மூடினேன்.

“அதுக்குப் போகலீன்னா இதும் கெடையாதுங்கப்பா.”

ஐம்பது ஆளை வேலை வாங்குகிற மனிதரிடம் அப்படிப் பேசிவிட்டு, குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அப்பா சமவெளி தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்றார்.

“பஸ் எத்தன மணிக்கு சாமி?” என்று என்னிடம் கேட்டார்.

சேலத்தில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, மாற்றம் அப்படியே இருக்கிறது, கூடவில்லை, ஆனாலும் விடாமல் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். உருண்டையும் நானுமாகச் சேர்ந்து அப்பாவைக் காப்பாற்றியதாக வகுப்பு முழுக்கச் சொன்னேன். காப்பியை விட்டதும் ஆஸ்பத்திரி மாத்திரையும் செய்த வேலை எவ்வளவு என்பதை அப்போது யார் சொல்லியிருந்தாலும் அடித்திருப்பேன். இப்போது உருண்டைக்காக நான் சண்டை போடுவதில்லை. அன்றைக்கு அவரை பஸ் ஏற்றியது நான்தான். அந்தப் பெருமையை மட்டும் இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அந்தப் பரிசோதனைக்கு இன்னமும் நாங்கள் இருவரும்தான் போகிறோம். போன முறை காப்பி பூத்திருந்தது. அப்பா பஸ் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

“இந்தப் பூவுல காப்பி வாசமே கெடையாது, பாத்தியா கண்ணு? மல்லியப்பூ வாசந்தான்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. காப்பிக்குள்ளேயே வளர்ந்தவருக்கு அது தெரியாமலா இருந்திருக்கும்?

“அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்கப்பா? தெனமும் மலை ஏறியிருக்க வேண்டாமே.”

“சொல்லியிருந்தா நீ ஊட்டுலயே குடுத்துட்டு இஸ்கூலுக்குப் போயிருப்பே” என்றார். “அந்த வாரம் எனக்குத் தனியா இருக்க நொம்பப் பயமா இருந்துச்சு கண்ணு.”