தொலைந்துவிட்டதாக நான் சொன்ன சீட்டு

வியாழக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. போலீஸ்காரர்கள் அப்பாவைக் கூட்டிப்போனது அதற்கு இரண்டு நாள் முன்பே. ஆனாலும் கெடுதலின் தொடக்கமாக எனக்குத் தோன்றுவது அந்தப் பத்தேகால்தான். அது என் வாயால் நடந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், குச்சிக்கிழங்குக் காடுகளுக்கு நடுவே எங்கள் வீடு. அப்பா ஒரு தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தார். அந்த வேலையை விட்டுவிட்டு மில்லுக்குப் போகப்போவதாக அவர் சொன்ன வாரத்தில்தான் தோட்டத்துக்காரரின் கிணற்று மோட்டார் காணாமல் போனது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அப்பா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனதைத் தன் கண்ணாலேயே பார்த்ததாகத் தோட்டத்துக்காரர் போலீசில் எழுதிக்கொடுத்துவிட்டார்.

அந்த ஒன்பது மணிக்கு அப்பா டவுன் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தார். என்னை நாய் கடித்திருந்தது. தொப்புளைச் சுற்றித் தினம் ஓர் ஊசி, பதினான்கு நாளைக்கு. அன்று மூன்றாவது. ஊசி போட்டது எனக்கு; விழுந்தது அப்பா. நர்ஸம்மா அவரைப் பெஞ்சில் படுக்கவைத்து, பதினோரு மணிக்குத்தான் எங்களை விட்டார். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று அப்பா பஸ்ஸில் வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டு வந்தார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகச் சொன்னேன்.

ஸ்டேஷனில் அப்பா இதைச் சொல்லாமல் இல்லை. யாரும் எழுதிக்கொள்ளவில்லை. ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தால் வீட்டுக்குப் போகலாம் என்றார்களாம். வைத்தார், கிளைச் சிறைக்குப் போனார். அன்றிலிருந்து அம்மாவுக்குக் காகிதம் என்றாலே ஆகவில்லை.

வக்கீல் வைக்க எங்களுக்கு வழியில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு அரசாங்கமே தன் செலவில் வக்கீல் தரும் என்று சொல்லி, கோர்ட்டில் ஒருவரை அமர்த்தினார்களாம். கேட்டதும் அம்மாவுக்கு இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போய்விட்டது.

"போலீசு கவர்மெண்டு, ஜெயிலு கவர்மெண்டு. அவிய அனுப்பற வக்கீலு மட்டும் நம்மாளா இருக்குமா?" என்று தன் தம்பியிடம் கேட்டாள்.

மாமா அதற்கும் மேலே போனார். "காசு வாங்காம வர்ற வக்கீலு, காசு வாங்காமயே உள்ள தள்ளீரும்க்கா."

யார் வந்தாலும் வாய் திறப்பதில்லை, துண்டுக் காகிதம்கூடக் கொடுப்பதில்லை என்று இருவரும் முடிவு செய்தார்கள். என்னிடம் இரண்டு முறை ஒப்பித்துக் காட்டச் சொன்னார்கள்.

வந்தவர் ஒரு பெண். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பஸ்ஸை விட்டிறங்கிக் காட்டுப்பாதையில் நடந்தே வந்திருந்தார். கறுப்புக் கோட்டு கையில் மடித்துக் கிடந்தது, செருப்பெல்லாம் செம்மண். அம்மா கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு என்னை வாசலுக்குத் தள்ளினாள்.

"அம்மா ஊட்ல இல்லீங்க" என்றேன்.

கதவுக்கடியில் அம்மாவின் சேலைத் தலைப்பு தெரிந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டுப் பார்க்காதவர்போல என் முன்னால் குனிந்தார். மத்தியானம் அப்பாவின் ஜாமீன் மனு வருகிறது, ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டினால் போதும் என்று பொறுமையாகச் சொன்னார். "சீட்டு ஊட்ல இருக்குதா சாமி?"

அன்றைய ஊசிக்குக் கிளம்பி நின்றதால் சீட்டு என் தோள்பையிலேயே இருந்தது.

"தொலஞ்சு போச்சுங்க."

நன்றாகச் சொன்னேன். கொஞ்சம் அழுதும் காட்டினேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். அம்மா வெளியே வந்து என் தலையைத் தடவி, கெட்டிக்காரி என்றாள். அன்று முழுக்க அந்தப் பெருமையில் இருந்தேன். சீட்டு இல்லாததால் மனு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போனது. அப்பா உள்ளேயே இருந்தார்.

மறுநாள் ஏழாவது ஊசி. ஊசி அறைக்கு வெளியே, பழைய பதிவேடுகளைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார் அந்த வக்கீலம்மா. சீட்டு தொலைந்துபோனால் அவருக்கு வேறு வழி ஏது? நர்ஸம்மா வழக்கம்போல் கையை நீட்டினார். நானும் வழக்கம்போல் பையைத் திறந்து சீட்டை எடுத்துக் கொடுத்தேன். வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார்.

திட்டவில்லை. எழுந்து வந்து சீட்டை வாங்கித் தேதியைப் பார்த்தார். பதிவேட்டில் அதே எண் இருந்த வரியில் விரலை வைத்தார். திங்கட்கிழமை இந்தப் பிள்ளையோடு வந்தவரை ஞாபகம் இருக்கிறதா என்று நர்ஸம்மாவைக் கேட்டார்.

"மயங்கி உழுந்தவருங்களா? புள்ள கம்முனு நிக்குது, அப்பன் போய்ட்டாரு. அவர மறக்க முடியுங்களா?" என்று நர்ஸம்மா சிரித்தார். எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன் என்றார்.

சுவரோடு ஒட்டி நின்ற அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "நீங்க யாரு பக்கமுங்க?"

"சம்பளந்தான் கவர்மெண்டு குடுக்குதுங்கக்கா. வேலை உங்க ஊட்டுக்காரருக்கு."

அம்மா சுவரை விட்டு நகர்ந்து அவர் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, "திங்கக்கெழம நானும் வாரேன்" என்றாள். போனாள். பெயர் கூப்பிடும்வரை உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றாளாம். ஜாமீன் கிடைத்தது. வழக்கும் பின்னால் நிற்கவில்லை.

இப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. நாங்கள் வேலைக்குப் போனபின் யாராவது கதவைத் தட்டினால் என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதெல்லாம் ஒவ்வொரு சொல்லையும் யோசித்தே சொல்கிறேன். சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் அவ்வளவு நன்றாகச் செய்துவிடுகிறார்கள். வழக்கில் மாட்டி, வக்கீல் வைக்க முடியாமல் தவிப்பவர் தெரிந்தவரோ தெரியாதவரோ, சட்ட உதவி அலுவலக வாசல்வரை நானே கூட்டிப்போகிறேன். உள்ளே இருப்பவர் உங்கள் ஆள் என்று சொல்லாமல் திரும்புவதில்லை. சிலர் நம்புவதில்லை. விடுவதில்லை நான்.

அன்று, ஜாமீன் கிடைத்த மறுநாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அப்பா வந்தார். தாடி முளைத்திருந்தது. தோட்டத்துக்காரரைப் பற்றியோ ஜெயிலைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்று என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்து, ஒன்றே ஒன்று கேட்டார். போலீஸ் வந்த அன்றுகூட அழாத அம்மா, அதைக் கேட்டதும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். இவ்வளவு சின்னக் கேள்விக்கு எதற்கு அழுகை என்று எனக்கு விளங்கவில்லை.

"அந்தப் பொண்ணு வெயில்ல நம்மூடு தேடி வந்துச்சாமா. குடிக்கத் தண்ணி குடுத்தீங்களா?"