கன்சர்வென்சி சந்தும் ஸ்வீடனும்

காலையில் பூங்காவில் சேர்ந்து நடக்கிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். ஐவரும் ஓய்வு பெற்றவர்கள். ஐவருக்கும் வெளிநாட்டில் ஒரு பிள்ளையாவது உண்டு. முதல் சுற்றில் முழங்கால் வலியைப் பேசி முடித்துவிடுவோம். இரண்டாவது சுற்றிலிருந்து தேச ஒப்பீடு. கனடாவில் ஆம்புலன்ஸ் எத்தனை நிமிடத்தில் வந்தது, இங்கே வரி ரசீதில் ஒரு எழுத்தைத் திருத்த எத்தனை நடை நடக்க வேண்டியிருந்தது என்று பேச்சு போகும். நான் அரசு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்பு பார்த்தவள் என்பதால் நடுவில் என்னைக் கேட்பார்கள். எந்தப் படிவம், என்ன இணைப்பு, யாருடைய சான்றொப்பம் என்று சொல்வேன். எந்த நாடு மேல் என்று கேட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. பத்து வயதில் அந்தக் கேள்விக்கு நானே விடை காணப் போய், அத்தையை வீடில்லாமல் ஆக்கப் பார்த்தேன்.

அப்போது மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீடு. அப்பா ரயில்வே பணிமனையில் குமாஸ்தா. அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஸ்வீடனில் ஓர் இயந்திர ஆலையில் வேலை கிடைத்துப் போய் நான்கு வருடம் கழித்து ஆறு வார விடுப்பில் வந்திருந்தார். எல்லோருக்கும் சாக்லேட் கொண்டுவந்தார். அத்துடன், அந்த ஊர் பேருந்துகளின் கால அட்டவணைப் புத்தகம் ஒன்றையும் கொண்டுவந்தார். சாக்லேட் இரண்டு நாளில் தீர்ந்தது. புத்தகம் தீரவில்லை. எட்டு பதினேழு, எட்டு முப்பத்திரண்டு, எட்டு நாற்பத்தேழு என்று நான் அதைக் கதைப் புத்தகம் போலப் படித்தேன்.

“எட்டு பதினேழுன்னு போட்டா எட்டு பதினேழுக்கே வந்துருமா?” என்றார் அப்பா.

“வந்துரும்ணா.”

“அப்பறம் லேட்டாப் போனா ஆபீசுல என்னடா காரணம் சொல்லுவீங்க? பாவம்டா அந்த சனங்க.”

தினமும் சாயங்காலம் காப்பி ஆனதும் சித்தப்பா ஆரம்பிப்பார். குழாயைத் திருகினால் வெந்நீர். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக வரியாகப் போய்விடும், ஆனால் யாரும் அழ மாட்டார்கள். அப்பா ஒவ்வொன்றுக்கும் ஒரு எதிர்க்கேள்வி வைத்திருப்பார். மல்லிகைப்பூ உண்டா, வெயில் உண்டா, கடன் சொல்லி மளிகை வாங்க முடியுமா. இரண்டு பேரும் ஏதோ இரண்டு அரசாங்கங்களின் தூதர்கள் போலப் பேசிக்கொண்டிருப்பார்கள். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டது அத்தை ஒருத்திதான்.

அத்தை இவர்கள் இருவருக்கும் மூத்தவள். கொள்ளேகாலில் கட்டிக்கொடுத்து, கணவர் இறந்ததும் அந்த வீட்டார் அவளையும் அவளுடைய தையல் மெஷினையும் ஒரே பஸ்ஸில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிட்டார்கள்.

“ஏன்டா தம்பி, புருசன் செத்தவளுக்கு அங்க யாரு சோறு போடுவா?”

“சர்க்கார் மாசாமாசம் பணம் குடுக்கும்க்கா.”

“எதுக்கு? அவ சர்க்காருக்கு என்ன தெச்சுக் குடுத்தா?”

“ஒண்ணும் தெக்க வேண்டாம். இருக்க எடமும் குடுப்பாங்க. ஒரு கடுதாசி எழுதிப் போட்டாப் போதும். ஒரு வாரத்துல பதில் வந்துரும்.”

அத்தை நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள். “கடுதாசியப் படிக்கறதுக்குன்னே ஆள் வெச்சிருக்கறாங்களா?” என்றாள்.

எனக்கு வேறொரு சந்தேகம் இருந்தது. “சின்னப் பசங்க எழுதினாலும் பதில் வருமா சித்தப்பா?”

வரும் என்றார். அவர் இருக்கும் தெருவில் ஒரு பெண் குழந்தை, பூங்காவில் ஊஞ்சல் அறுந்துவிட்டது என்று நகரசபைக்கு எழுதினாளாம். ஊஞ்சலைச் சரிசெய்து, தெரிவித்ததற்கு நன்றி என்று அவள் பெயருக்கே கடிதம் வந்ததாம். அன்றிரவு நான் வெகுநேரம் அந்தப் பெண்ணைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் ஊஞ்சல் கிடையாது. ஆனால் புகார் எழுதத் தகுந்த சாக்கடை ஒன்று இருந்தது.

பழைய மைசூரில் இரண்டு வீட்டு வரிசைகளின் முதுகுப்புறத்துக்கு நடுவே ஒரு குறுகிய சந்து விட்டிருப்பார்கள். துப்புரவுக்காரர்கள் வந்துபோக விட்டது. கன்சர்வென்சி என்று பெயர். அரசாங்கத்துக்குச் சொந்தமான அந்தச் சந்தில், அரசாங்கம் பார்க்காத நேரத்தில், ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் வளர்ந்திருந்தது. ஒருவர் மாட்டைக் கட்டினார். ஒருவர் விறகை அடுக்கினார். நாங்கள் அத்தையை வைத்தோம். செங்கல் சுவர், தகரக் கூரை, மெஷினுக்கு வெளிச்சம் வர ஒரு ஜன்னல். அறையின் தரைக்கு அடியில் சாக்கடை ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்குச் சொல்வது. கல் பாவி மூடிவிட்டதால் கழியை விட்டுக் குத்த வழியில்லாமல் அங்கேயே அடைத்து நின்றது. மழை வந்தால் அத்தனை தண்ணீரும் சந்தின் தாழ்ந்த முனையில் இருந்த வீட்டுக்குள் போகும். அது என் வகுப்புத் தோழியின் வீடு. அவள் அம்மா ஊதுபத்தி உருட்டிக் கடைக்குக் கொடுப்பவர். மழைக்கு மறுநாள் தோழி பள்ளிக்கு வர மாட்டாள். நனைந்த பத்தியிலிருந்து நல்லவற்றைப் பொறுக்க உட்கார்ந்திருப்பாள்.

நான் ஒரு போஸ்ட்கார்டு எடுத்து, பள்ளியில் கற்ற நல்ல கன்னடத்தில், நகரசபை ஆணையருக்கு எழுதினேன். சாக்கடை அடைத்திருக்கிறது, தோழியின் வீட்டுக்குள் தண்ணீர் போகிறது என்று எழுதினேன். காரணம் சொல்லாத புகார் அரைகுறை என்று தோன்றியதால் காரணத்தையும் எழுதினேன். எங்கள் அத்தையின் அறை சந்துக்குள் நான்கு அடி இரண்டு அங்குலம் வந்திருக்கிறது. இதைப் பள்ளி அளவுகோலால் நானே அளந்திருந்தேன். கடைசியில், எங்கள் அத்தை மிகவும் நல்லவர், ஆகையால் அவர் மேல் நடவடிக்கை வேண்டாம், சாக்கடை மேல் மட்டும் எடுக்கவும் என்று கேட்டுக்கொண்டு, பெயர், வகுப்பு, கதவு எண் எல்லாம் எழுதித் தபாலில் போட்டேன். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மனுக்களைப் படித்திருக்கிறேன். அவ்வளவு முழுமையான மனுவை நான் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் ஓர் இன்ஸ்பெக்டரும் டேப் பிடிக்க இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். சாக்கடை பார்க்க வந்திருக்கிறார்கள் என்றதும் சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களாண்ணா, நம்மூரும் முன்னேறீருச்சு!” என்று சொல்லி அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். இன்ஸ்பெக்டர் அளந்தார். நான்கு அடி இரண்டு அங்குலம். கையிலிருந்த என் கார்டை ஒரு முறை பார்த்து, ‘சரியாக இருக்கிறதே’ என்று தலையசைத்தார். பிறகு கன்னடத்தில் கேட்டார், “இந்தப் பெயரில் இங்கே யார்?”

வகுப்பில் செய்வது போல நான் கையைத் தூக்கினேன்.

அவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி கதவு எண்ணைப் பார்த்தார். புகார் கொடுத்தவரும் ஆக்கிரமித்தவரும் ஒரே கதவு எண்ணில் இருப்பதை அவர் அதற்கு முன் கண்டிருக்க மாட்டார். ஆனாலும் முறைப்படி நடந்துகொண்டார். பதினைந்து நாளில் அறையை அகற்ற வேண்டும் என்று அப்பாவுக்கு ஒரு நோட்டீஸ். தங்கள் புகாரின் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று எனக்கு ஒரு தாள். பெற்றுக்கொண்டதற்கு என்னிடமும் கையெழுத்து வாங்கினார். என் பெயருக்கு வந்த முதல் அரசாங்கக் காகிதம் அது. அவர்கள் போன பிறகும் அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா ஏன் தன் நோட்டீசைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார் என்பது எனக்குப் பிடிபடக் கொஞ்சம் நேரமாயிற்று.

“உன்ற ஸ்வீடனப் பொட்டியில போட்டுக் கட்டி எடுத்துட்டுப் போயிருடா,” என்றார் அப்பா.

“அண்ணா, அங்கயும் இப்படி நோட்டீசு வரும். ஆனா கூடவே வேற வீடும் குடுப்பாங்க.”

“அந்தக் ‘கூடவே’ இங்க எங்கடா இருக்குது? போயிக் கூட்டிட்டு வா பாக்கலாம்.”

இந்த ஆறு வாரத்தில் அப்பா ஜெயித்த ஒரே வாதம் அது. அவர் முகத்தில் அதற்கான சந்தோஷம் துளியும் இல்லை.

அத்தை என்னைத் திட்டவில்லை. தைக்க வாங்கியிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து, யார் யாருடையது என்று சீட்டுக் குத்தினாள். “கொள்ளேகாலுக்கே போயர்றேன்,” என்றாள் அம்மாவிடம். “ரெண்டு பேச்சுப் பேசுவாங்க. பேசிட்டுப் போறாங்க.” அந்த வீட்டில் என்ன பேசுவார்கள் என்று அம்மாவுக்குத் தெரியும் போலிருக்கிறது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நோட்டீஸ் வந்த பதினோராம் நாள் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் நகரசபை அலுவலகம் போனோம். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டிருந்த ஒரு வயதான குமாஸ்தாவிடம் கோப்பு இருந்தது. உள்ளே என் போஸ்ட்கார்டில் துளை போட்டு நூல் கோத்திருந்தார்கள். சித்தப்பா குடிமக்களின் உரிமை பற்றித் தொடங்கினார். அப்பா மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தார். குமாஸ்தா இருவரையும் விட்டுவிட்டு என்னிடம் பேசினார்.

“ஏன் மகு,” என்று கன்னடத்தில் குழந்தையைக் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டார். “இதை நீயேதான் எழுதினாயா?”

“ஆமாம்.”

“அந்த அறையில் யார் இருக்கிறது?”

“எங்கள் அத்தை. மெஷினும் இருக்கிறது.”

“அத்தைக்கு வேறு இடம்?”

“ஸ்வீடனில் என்றால் கொடுப்பார்கள்,” என்றேன்.

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு வெகுநேரம் கார்டைப் படித்தார். பிறகு வயது என்ன, காப்பாளர் கையெழுத்து எங்கே என்று கேட்டார். பத்து, கையெழுத்து இல்லை. மைனர் கொடுக்கும் புகாரில் காப்பாளர் கையெழுத்து இல்லாவிட்டால் அது செல்லாது என்றார். செல்லாத புகாரின் மேல் கொடுத்த நோட்டீசும் செல்லாது. அதை எழுதி, மேலதிகாரியின் அறைக்குள் போய் இனிஷியல் வாங்கிவந்து, கோப்பைக் கட்டிவிட்டார்.

சித்தப்பாவால் பொறுக்க முடியவில்லை. “அதெப்படிங்க செல்லாம போகும்? கொழந்தைன்னா பிரஜை இல்லையா?” என்று தமிழிலேயே கத்திவிட்டார். அப்பா அவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். “உங்கக்காவக் காப்பாத்திட்டாருடா அந்த மனுசன். நீ அவருகூடச் சண்டைக்கு நிக்கற!” வழி முழுதும் எனக்கும் அழுகைதான். நான் அளந்தது சரி, எழுதியது சரி, வயது மட்டும் தப்பு என்றால் என்ன நியாயம்?

அப்படி ஒரு விதி கிடையாது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு சட்டத்தையும் சுற்றறிக்கைகளையும் வரி வரியாகத் தேடியிருக்கிறேன். பெயரில்லாத கடிதத்தின் மேல்கூட அலுவலகம் ஆக்கிரமிப்பை விசாரிக்கலாம். அந்தக் குமாஸ்தா நின்ற நிலையில் ஒரு விதியை இயற்றி, அதை அமல்படுத்தி, அந்த ஒரு தடவையோடு ரத்தும் செய்துவிட்டார். சித்தப்பாவின் நாடு மாதாமாதம் பணமாகக் கொடுத்ததை, எங்கள் நாடு அத்தைக்கு இப்படிப் பார்த்தும் பார்க்காதது போல இருந்து கொடுத்தது.

அந்த வாரமே நல்ல மழை. மறுநாள் காலை அத்தை முக்காடு போட்டுக்கொண்டு சந்தின் தாழ்ந்த முனைக்கு நடந்து போனாள். திரும்பி வந்தபோது புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது. உள்ளே வராமல் வாசலிலிருந்தே அப்பாவிடம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவரச் சொன்னாள்.

“எதுக்குக்கா? நோட்டீசுதான் செல்லாம போச்சே?”

“அந்தப் புள்ளை வீட்டுல பத்தியெல்லாம் கூழாக் கெடக்குது. பாத்துட்டு வந்து எப்படிடா மெஷின மிதிக்கறது?”

“ஃபைலே மூடியாச்சு அத்தை,” என்றேன் நானும். அலுவலகம் போய்வந்த அனுபவத்தில் பேசினேன்.

“ஃபைல மூடினா சாக்கடை தொறந்துக்குமா சாமி?” என்றாள்.

வெளிப்பக்கம் இரண்டு அடி இடித்தார்கள். சித்தப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுச் செங்கல் சுமந்தார். பாவுகல்லைப் பெயர்த்துக் கழியை விட்டதும் அடைப்பு உடைந்த சத்தம் எங்கள் கூடம் வரை கேட்டது. சுவர் உள்ளே தள்ளி எழும்பியது. அறையில் இப்போது அத்தை படுக்க மட்டும் இடம். மெஷின் கூடத்துக்கு வந்தது. அப்பாவின் நாற்காலி வெளியேறியது. ஸ்வீடனைப் பற்றி அதற்குப் பிறகு சித்தப்பா அதிகம் பேசவில்லை. அத்தைதான் கேட்டுக்கொண்டிருந்தாள், அங்கே சாக்கடையெல்லாம் எப்படிப் போகும் என்று.

எனக்கு ஒரு குறை இருந்தது. இவ்வளவு நடந்திருக்கிறது, ஆணையருக்கு யாரும் ஒரு வார்த்தை தெரிவிக்கவில்லை. இன்னொரு போஸ்ட்கார்டு எடுத்தேன். தாங்கள் கோப்பை மூடிய பிறகும் எங்கள் அத்தை தானாகவே இரண்டு அடி இடித்துவிட்டார், மீதி இரண்டு அடி இரண்டு அங்குலம் மட்டும் இன்னும் தங்கள் சந்தில்தான் இருக்கிறது, சாக்கடை நன்றாக ஓடுகிறது, நன்றி. எல்லாம் எழுதி, இந்த முறை ஓரத்தில் காப்பாளர் கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டு வைத்தேன்.

சித்தப்பா கிளம்பும் நாளன்று ரயில் நிலையத்தில் அதை அவரிடம் கொடுத்து, கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடும்படி கேட்டேன். அவர் இரண்டு முறை படித்தார். என் தலையில் கையை வைத்தார். கோட்டின் உள்பையில் கார்டை வைத்துக்கொண்டார். பிளாட்பாரத்துத் தபால் பெட்டியைத் தாண்டித்தான் நடந்து போனார். பெங்களூரில் போட்டால் சீக்கிரம் போகும் என்று நினைக்கிறார் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

பதிலுக்காக ஒரு மாதம் தினமும் தபால்காரரை வழிமறித்தேன். வரவில்லை. ஒரு குழந்தை நன்றி சொல்லி எழுதினால்கூட நம் ஊரில் மதித்துப் பதில் போட மாட்டார்கள், ஸ்வீடன்தான் மேல் என்று முடிவு கட்டினேன். பல வருடம் அந்த முடிவோடுதான் இருந்தேன். அந்த ஒரு கடிதத்தைப் பொறுத்தவரை நகரசபையின் மேல் எந்தத் தவறும் இல்லை என்பது எனக்கு அப்போது தெரியாது.