மகள் தூங்கிய பஸ்

இரண்டு வருடங்களுக்கு முன், சிவனொளிபாத மலைக்கு ஜனம் ஏறும் பருவத்தில், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் மாலை பஸ்ஸில் நடந்தது இது. ஹட்டனில் ஒரு மருந்துக் கடையில் எனக்கு வேலை. மகள் அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாள், கணிதப் பிரிவு. வேலை முடிந்து நானும், பயிற்சி முடிந்து அவளும் ஒரே பஸ்ஸில்தான் வீடு திரும்புவோம்.

பயிற்சி என்றால் கரப்பந்து, அதாவது வாலிபால். வலயப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. தவணைப் பரீட்சையும் நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு ரயில் வருகிற மாதிரி. விடியலில் டியூஷன், பிறகு பள்ளிக்கூடம், பிறகு மைதானம், சனி ஞாயிறு மறுபடி டியூஷன். பௌதிகவியலில் மார்க் சரிந்திருந்தது. கொழும்பில் வேலை செய்கிற அவள் அப்பா முதல்நாள் போனில், "வெளையாட்ட விடச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா" என்று முடித்துவிட்டார். அணியில் யார் யார் என்று மறுநாள் காலை முடிவாகும். ஆகவே அன்றைக்கு நான் சொல்லியாக வேண்டும்.

வார்த்தைகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே ஏறினேன். பஸ் நிறைய மலைக்குப் போகிறவர்கள். மகளுக்கு மட்டும் ஓர் இடம் கிடைத்தது. அவளுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம், வெள்ளை உடுத்திய ஒரு சிங்களப் பெண். என் வயதுதான் இருக்கும். நான் கம்பியைப் பிடித்து அருகில் நின்றேன். மகள் பையிலிருந்து டியூஷன் தாள்களை எடுத்து மடியில் விரித்தாள். டிக்கோயாகூடத் தாண்டவில்லை, தலை சாய்ந்துவிட்டது. நேரே அந்தப் பெண்ணின் தோளில்.

மலைக்கென்றே துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டை அது. என் மகளோ மைதானத்துச் சேறும் வியர்வையுமாக. பதறி எழுப்பப் போனேன். அவர் கையை லேசாக உயர்த்தித் தடுத்தார். நழுவிய தாள்களைப் பிடித்து, மகள் படித்துக்கொண்டிருந்த இடத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டார். தூங்கட்டும், பக்கம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

மூடுபனி இறங்கியது. தேயிலை மலைகள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. கீழே நீர்த்தேக்கம் இருந்த இடத்தில் இன்னொரு வானம் கிடந்தது. பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்றே தெரியவில்லை. திருப்பத்துக்குத் திருப்பம் எல்லோரும் சாய்ந்தோம். அந்தத் தோள் மட்டும் அசையவில்லை. மகளின் விரல்கள் தூக்கத்தில் விரிந்தன, குவிந்தன, பந்தை மேலே ஏற்றுகிற மாதிரி. எத்தனை நாளாயிற்று இந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்து! காலையில் ஓடுகிற முதுகு, ராத்திரியில் குனிந்த தலை. நான் பார்த்த மகள் அவ்வளவுதான்.

மஸ்கெலியா தாண்டி எங்கள் தோட்டத்துச் சந்தி வந்தது. தினமும் பார்க்கிற கண்டக்டர் மணியடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் இறங்கவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது. கை கம்பியை விடவில்லை.

"என்னாங்க அக்கா, இந்தக் கோலத்துலயே மலையேறப் போறீங்களா?"

"புள்ள தூங்குது. திரும்பி வர்றப்ப எறக்கி விடுங்க."

அவர் மகளைப் பார்த்தார். முன்னால் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். அதுவரை அலறிக்கொண்டிருந்த பாட்டு அடங்கிப்போனது.

நல்லதண்ணியில் கூட்டம் இறங்கும் சத்தத்தில் மகள் விழித்தாள். அந்தப் பெண் தாள்களை நீட்டினார்; விரல் இன்னும் அதே பக்கத்தில். தோளில் படிந்த சேற்றைப் பார்த்து மகள் கூசிப்போனாள். மேலே போய்ச் சேர்வதற்குள் இதைவிட அழுக்காகிவிடும் மகளே என்று சிரித்துவிட்டு, தட்டிக்கூட விடாமல் கூட்டத்தோடு நடந்துவிட்டார். பெயரைக்கூடக் கேட்கவில்லை நான்.

பஸ் திரும்பும்வரை ஒரு கடையில் பிளேன்டீ குடித்தோம். மலை தெரியவில்லை, மலைமேல் போகும் விளக்குகள் மட்டும் வெறும் பனியில் தொங்கின. மகள் கிளாஸின் சூட்டில் கையை வைத்தபடி, தூக்கம் கலையாத குரலில் பேசினாள்.

"கனவுல பந்தப் போட்டேன்மா. மேல போயி அப்படியே நின்னுருச்சு. பாத்துக்கிட்டே இருக்கேன், கீழ வரல." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "உச்சியில வேகம்தான் பூச்சியம். ஆர்முடுகல் பூச்சியம் இல்ல. போன தவணை அந்தக் கணக்கத்தான் தப்பா எழுதிட்டு வந்தேன்."

எனக்குப் பௌதிகவியல் தெரியாது. என்னவென்று கேட்டேன். ஆர்முடுகல் என்றால் வேகம் மாறுகிற வீதமாம். பந்து ஒரு கணம் நிற்குமாம். ஆனால் பூமி அதை இழுப்பதை அந்தக் கணத்திலும் விடாதாம். சொல்லும்போதே அவள் கை காற்றில் ஒரு பந்தை ஏற்றியது. அந்தக் கையில் படிப்பு எது, விளையாட்டு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளை விட்டுவிட்டேன். "எல்லாத்தையும் தூக்க முடியாதும்மா. எத விடலாம்னு நீயே சொல்லு" என்றேன்.

கிளாஸைக் கீழே வைத்தாள். "ஞாயித்துக்கெழம டியூஷன. அங்க போயும் தூங்கத்தானே செய்றேன். வீட்லயே தூங்குறேன்."

அவள் அப்பாவிடம் நானே பேசினேன். மார்க் குறைந்தால் நீதான் பொறுப்பு என்றார். சரி என்றேன். போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். பௌதிகவியலில் மார்க் கொஞ்சம்தான் ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வெயில் ஏறும்வரை தூங்கினாள். நான் சத்தமில்லாமல் பாத்திரம் கழுவப் பழகினேன்.

மகள் இப்போது வெளியூரில் படிக்கிறாள். பனி இறங்கும் மாலைகளில் அந்தப் பஸ்ஸில் பள்ளிக்கூடத்துப் பிள்ளை யாராவது என்மேல் தூங்கிச் சாய்ந்தால், தோளை அசைக்காமல் வைத்துக்கொள்கிறேன். பூமி எப்படியும் இழுக்கத்தான் போகிறது, உச்சியில் நிற்கிற அந்த ஒரு கணத்தையாவது பிள்ளைகளுக்கு விட்டுவைப்போமே என்று.